மடத்துப் பள்ளிக்கூடத்தின் வரலாற்றை எங்கிருந்து எழுதத் தொடங்குவது?

உங்கள் சிக்கல் எனக்கு நன்றாகவே விளங்குகிறது. மட்டக்களப்புப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண்கள் ஆரம்பப் பாடசாலை, நூற்றாண்டு விழாவுக்கு மலர் ஒன்று அச்சில் வரப்போகிறது, பழைய மாணவி என்ற பாவத்துக்கு வரலாறு உங்கள் தலையில். கல்வெட்டில் ஒரு ஆண்டு, பழைய மலரில் வேறொரு ஆண்டு, எதை நம்புவது என்று கேட்கிறீர்கள். நானும் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இந்த வேலையைச் செய்தவள்தான். என்னைக் கேட்டால் இரண்டையும் நம்பலாம். கஷ்டமே அங்கேதான் இருக்கிறது.

எங்கள் பக்கத்து மடத்துப் பள்ளிக்கூடங்கள் ஒரே நாளில் பிறந்தவை அல்ல. கோயில் விறாந்தையில் நாலு பிள்ளைகளுக்கு செபமும் அரிச்சுவடியும் சொல்லிக்கொடுத்தது ஒரு தொடக்கம். பெண்பிள்ளைகளைத் தனியே பிரித்தது இன்னொன்று. அரசாங்க உதவிப்பணத்துக்குப் பதிந்தது, கன்னியாஸ்திரிகள் வந்து பொறுப்பெடுத்தது, ஓட்டுக் கட்டடம் எழும்பியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆண்டு உண்டு. மலர் போடுகிறவர்கள் தங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்வார்கள், பெரும்பாலும் ஆகப் பழையதை. எல்லா ஆண்டையும் வரிசையாக எழுதி, எது எதன் தொடக்கம் என்று சொல்லிவிடுங்கள். ஆகப் பழைய ஆண்டுக்காகச் சண்டை பிடிக்கவேண்டாம். அந்தப் போட்டியில் மெதடிஸ்தக்காரரை வெல்ல முடியாது: வில்லியம் ஓல்ட் பாதிரியார் 1814இலேயே வந்து பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டார், வின்சன்ற் பெண்கள் பாடசாலை 1820. ஒல்லாந்தர் காலத்தில் ஒடுங்கிக் கிடந்த கத்தோலிக்கருக்கு ஆங்கிலேயர் தடைகளை நீக்கியதே 1806இல்தான்.

பழைய கடிதங்கள் தேடுவதென்றால் ஒன்றை மனதில் வையுங்கள். 1893இல் திருகோணமலை மறைமாவட்டம் பிரியும் வரை மட்டக்களப்பு யாழ்ப்பாணத்தின் கீழ், அமலமரித் தியாகிகள் சபைக் குருமாரின் பொறுப்பில் இருந்தது. 1895இல் பிரெஞ்சு யேசு சபையினர் வந்தார்கள். ஆகவே ஆகப் பழைய தாள்கள் யாழ்ப்பாணத்தில் கிடக்கலாம், பிந்தியவை பிரெஞ்சில் இருக்கலாம். உங்கள் ஊர் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் என்றாலும் மட்டக்களப்பில்தான் தேடவேண்டும். அம்பாறை தனி மாவட்டமானது 1961இல்தான்.

சரி, இதெல்லாம் ஒரு பக்கத்துக்கு மேல் வராது. உண்மையான வரலாறு அதிபரின் அறை அலுமாரியில் இருக்கிறது: சேர்விடாப்பு, பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிள்ளைகளின் பதிவேடு.

1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் வந்தது. அதற்குப் பிறகு மிஷன் பள்ளிக்கூடங்களுக்குப் பணம் பரீட்சைப் பெறுபேற்றைப் பார்த்தே கொடுக்கப்பட்டது. பரிசோதகர் வந்து பிள்ளைகளை நிறுத்திக் கேள்வி கேட்பார், இடாப்பைப் புரட்டுவார். பிள்ளைக் கணக்கு பிழைத்தால் காசும் குறையும். அந்தப் பயத்தினால் ஒழுங்காக எழுதிப் பழகியதுதான் இன்று நமக்கு உதவுகிறது.

எங்கள் இடாப்பு 2011 ஜனவரி வெள்ளத்தில் நனைந்தது. யாரோ புண்ணியவான் தாளுக்குத் தாள் பத்திரிகை வைத்துக் காயவைத்திருந்தார். அந்தப் பத்திரிகை எழுத்து சில பக்கங்களில் கண்ணாடியில் தெரிவதுபோல மாறிப் பதிந்திருந்தது. சேர்வு எண், பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர், சமயம் எல்லாம் வழக்கமானவை. சமயம் என்ற இடத்தில் சைவம் என்று எத்தனை வரிகள்! கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேசம் படிக்கிற நேரம் மற்றவர்களுக்கு நல்லொழுக்கம். பெண்கள் பாடசாலை இடாப்பில் ஆண்பிள்ளைகளும் இருந்தார்கள். சின்ன வகுப்பு என்றால் தம்பியையும் கையில் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்களாம்.

நீங்கள் பார்க்கவேண்டியது கடைசி நிரல், ‘விலகிய காரணம்’. பழைய பக்கங்களில் ‘பெரியபிள்ளை ஆனபடியால்’ என்று அடிக்கடி வரும். ‘வீட்டில் தேவை’ என்றும் வரும். 1945இல் இலவசக் கல்வி வந்த பிறகு ‘வேறு பாடசாலை’ கூடுகிறது, அதாவது பிள்ளை மேலே படிக்கப் போகிறாள். போர் மறுபடி தொடங்கிய 1990 ஜூனுக்குப் பிறகு ஒரே சொல், ‘இடம்பெயர்வு’. சில வரிகளில் அதுவும் இல்லை, வெறும் இடம். நான் அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டேன், அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை. 1978 நவம்பர் 23 சூறாவளிக்கு ஓடு முழுவதும் பறந்தது என்று எல்லா மலரும் எழுதும், எழுதத்தான் வேண்டும். ஆனால் இந்த நிரலை எந்த மலரும் எழுதியதில்லை.

இன்னொரு இடத்திலும் கொஞ்சம் நில்லுங்கள், 1960. உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற சட்டம் அந்த ஆண்டு, சொத்தையும் எடுக்கும் சட்டம் 1961இல். மேற்குக் கரையோரத்தில் கத்தோலிக்கப் பெற்றோர் பள்ளிக்கூடங்களுக்குள் புகுந்து இரவும் பகலும் காவல் இருந்தார்கள். பம்பாயிலிருந்து கர்தினால் கிராசியாஸ் வந்து சமரசம் பேசவேண்டியிருந்தது. பெரிய கல்லூரிகளுக்குக் கட்டணம் வாங்காத தனியார் பாடசாலையாக நிற்கும் தெரிவாவது கிடைத்தது. ஆரம்பப் பள்ளிக்கூடங்களுக்கு அதுவும் இல்லை. இடாப்பில் இது ஒரு கையெழுத்து மாற்றமாக மட்டும் தெரியும்: பள்ளிக்கூடத்தை நடத்திய குருவான ‘மனேச்சர்’ சுவாமியின் ஒப்பம் நின்றுபோய், அரசாங்க முத்திரை வருகிறது. சிஸ்டர்மார் அதே நாற்காலியில், இனி அரசாங்கச் சம்பளத்தில். அதனால்தான் பெயர்ப்பலகையில் ‘மட்/’ என்றோ ‘கமு/’ என்றோ மட்டக்களப்பு, கல்முனைக் கல்வி வலயத்தின் எழுத்து நின்றாலும் சனம் இன்றைக்கும் மடம் என்கிறது. அது நட்டமா லாபமா என்று மலரில் தீர்ப்புச் சொல்லப் போகாதீர்கள். எங்கள் கூட்டத்தில் இரண்டு கட்சியும் இருந்தது, தேத்தண்ணி ஆறிப்போகும்வரை கத்தினோம்.

அதிபரிடம் எழுத்தில் அனுமதி கேட்டு, இடாப்பின் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். கறையானுக்கு நூற்றாண்டு விழா தெரியாது. ஆட்களின் பெயரையும் காரணத்தையும் சேர்த்து அச்சில் போடாதீர்கள்.

என் அம்மம்மாவும் அங்கே படித்தவர். “எனக்குப் படிப்பு ஏறல்ல புள்ள, நான்தான் நிண்டுட்டன்” என்று எங்களுக்குச் சொல்லியே வளர்த்தார். அவருடைய வரியைக் கண்டுபிடித்தேன். காரணம் என்ற இடத்தில் ‘மேற்படி’. மேலே பார்த்தால் அங்கேயும் ‘மேற்படி’. ஆறு வரி ஏறிப் போனால்தான் ‘வீட்டில் தேவை’ என்று ஒருத்திக்கு எழுதியிருக்கிறது. படத்தைக் காட்டி அந்தப் பெயரை வாசித்தேன். அம்மம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “அவள் என்ட வாங்குலதான் இருந்தவள்” என்றார். “கணக்குல கெட்டிக்காரி. மறுகா நான் அவளக் காணவே இல்ல.”