நடந்தால் வலி இல்லை, ஓடலாமா?

செங்கோட்டைப் பக்கம் சாரல் இறங்கியதும், 'மறுபடி ஓட ஆரம்பிக்கலாமா' என்ற கேள்விகள் என்னிடம் வரிசையாக வரும். இந்த முறை வந்தவற்றில் நான்குக்கு, இயன்முறை மருத்துவராக என் பதில்.

புளியரை, 22 வயது: காவலர் தேர்வுக்காக 1500 மீட்டர் பழகினேன். முட்டிக்குக் கீழே முன்னெலும்பில் வலி வந்து மூன்று வாரம் நிறுத்தினேன். இப்போது நடந்தால் வலி இல்லை. பழைய வேகத்துக்குப் போகலாமா?

வேண்டாம் தம்பி. புதுச் சுமை விழுந்தால் எலும்பு முதலில் பழையதைக் கரைக்கும், அப்புறம்தான் புதிதாகக் கட்டும். அந்த இடைப்பட்ட வாரங்களில் அது முன்பைவிடப் பலவீனம். மூச்சோ சீக்கிரமே பழகிவிடும். 'மூச்சே வாங்கவில்லை' என்று நம்பி ஓடியவர்கள்தான் மறுபடி நொண்டிக்கொண்டு வருகிறார்கள்.

எலும்பின் உள்விளிம்பை ஒரு விரலால் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் எலும்புச் சவ்வின் எரிச்சல்தான். விரல் நுனி அளவு இடத்தில் 'சுரீர்' என்றாலோ, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, மயிரிழை விரிசலாக இருக்கலாம். உடனே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஆரம்ப வாரங்களில் எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போகும், எம்.ஆர்.ஐ.யில் தெரியும்.

விரிசல் இல்லையா, சரி. 30 நிமிட வேகநடை வலியில்லாமல் முடிய வேண்டும். அதன்பின் ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி 8 தடவை, ஒருநாள் விட்டு ஒருநாள். மறுநாள் காலை அந்த இடம் சும்மா இருந்தால் ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டலாம். வலி எட்டிப் பார்த்தால் அதே அளவில் நில்லுங்கள். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க 100 மீட்டருக்கு 28 விநாடி போதும். கூட்டாளிகளோடு போட்டி போட்டு 18 விநாடியில் பறக்கும்படி உங்களை யாரும் கேட்கவில்லை.

பிரானூர் பார்டர், 46 வயது: பரோட்டா மாஸ்டர். குதிகால் நரம்பில் வலி, காலையில் முதல் பத்து அடி வைக்க முடியவில்லை. கோட்டைவாசல் ஏற்றத்தில் எப்போது ஓடலாம்? ஒரு ஊசி போட்டால் போதும் என்கிறார்களே?

ஊசிக்கு அவசரப்படாதீர்கள் அண்ணாச்சி. நாம் நரம்பு என்று சொல்வது, கெண்டைச் சதையைக் குதிகாலோடு கட்டிவைக்கும் தசைநாண். ஸ்டீராய்டு ஊசியால் அது நைந்து, அறுந்தேபோகும் ஆபத்து உண்டு.

1998-இல் சுவீடனின் ஆல்ஃப்ரெட்சன் குழு எழுதிய பயிற்சியைத்தான் நான் இன்றும் சொல்லித் தருகிறேன். வாசல்படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, இரண்டு காலாலும் எழும்புங்கள். வலிக்கும் காலில் மட்டும் பாரத்தைத் தாங்கி, குதிகாலைப் படிக்குக் கீழே மெல்ல இறக்குங்கள். முட்டி நேராக 15 வீதம் 3 தடவை, லேசாக மடக்கி இன்னொரு 3 தடவை. காலையும் மாலையும், 12 வாரம். கொஞ்சம் வலிக்கும், பரவாயில்லை. வலி குதிகால் எலும்பை ஒட்டியே இருந்தால் மட்டும் படி வேண்டாம், சமதரையில் செய்யுங்கள்.

கல் முன்னால் மணிக்கணக்கில் நிற்பதும் அந்தக் காலுக்கு வேலைதான். கடையில் கூட்டம் அதிகமான நாளுக்கு மறுநாள் ஓடாதீர்கள். ஏற்றம் தசைநாணை இழுக்கும், இறக்கம் முட்டியை அடிக்கும். ஒற்றைக் காலில் 20 தடவை குதிகாலைத் தூக்கி இறக்க முடிகிறவரை சமதரையிலேயே ஓடுங்கள்.

ஆரியங்காவு, 31 வயது: சாரலில் வழுக்கிக் கணுக்கால் பிசகியது. அம்மா முறிவெண்ணெய் தடவி நீவிவிடுகிறார். ஓடலாமா?

வலிக்கும் காலில் நான்கு அடி கூட வைக்க முடியாவிட்டால் முதலில் எக்ஸ்ரே. அம்மா எண்ணெய் தடவட்டும், முதல் சில நாள் அழுத்தி நீவ மட்டும் வேண்டாம். வீக்கம் வடிந்ததும், பல் தேய்க்கும்போது அந்த ஒற்றைக் காலில் நின்று பழகுங்கள். ஆடாமல் 30 விநாடி நின்று, வலியில்லாமல் குதிக்கவும் முடிந்தால் ஓடலாம்.

பண்பொழி, 38 வயது: ஓடுவதற்கு முன் வலி மாத்திரை போடலாமா?

கூடாது. எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்வது அந்த வலிதான். வியர்த்து நீர் வற்றிய உடம்பில் இப்யூபுரூஃபென் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.