போர்க்கால ஜீப்பை அறிவது எப்படி?

கேள்வி: எங்கள் கொட்டகையில் பல்லாண்டுகளாகக் கிடக்கும் ஜீப் இரண்டாம் உலகப் போர்க் காலத்தது என்கிறார்கள். அதை உறுதிசெய்து மீண்டும் ஓட்ட முடியுமா?

பதில்: முதலில் முன்பக்கக் கிரில்லைப் பாருங்கள். தகட்டை அழுத்திச் செய்த போர்க்கால ஜீப்பின் கிரில்லில் ஒன்பது துளைகள் இருக்கும். போருக்குப் பின் பொதுமக்களுக்காக வந்த சிஜே-2ஏ வகையில் ஏழுதான். ஆனால் கிரில்லை மாற்றிப் பொருத்துவது எளிது என்பதால், அதை மட்டும் நம்பிவிடாமல், ரேடியேட்டருக்கு அடியில் சேஸியின் (வண்டியின் அடிச்சட்டகத்தின்) இரு பக்கங்களையும் இணைக்கும் முன் குறுக்குச் சட்டத்தைக் கவனியுங்கள். போர்க்கால ஜீப்பை வில்லீஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்கள் தயாரித்தன. அந்தச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லீஸின் எம்பி வகை. கவிழ்த்த 'ப' வடிவில் இருந்தால் ஃபோர்டின் ஜிபிடபிள்யூ வகை. ஃபோர்டு தன் போல்ட்டுகளில்கூட 'எஃப்' எழுத்தைப் பொறித்தது என்பது தேடுவோருக்குப் பெரும் உதவி.

ஓட்டும் ஆசையில் உடனே ஸ்டார்ட்டரை அழுத்த வேண்டாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, நான்கு சிலிண்டர்களிலும் மெல்லிய எண்ணெய் விட்டு ஊறவைத்து, பிறகு எஞ்சினைச் சுழற்றும் கைப்பிடியால் மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். பழைய பெட்ரோலை வடித்து டாங்கைச் சுத்தம் செய்வதும், பிரேக் சிலிண்டர்களைப் பிரித்துப் புதுப்பிப்பதும் கட்டாயம். இதன் மின்னமைப்பு 6 வோல்ட். 12 வோல்ட் பேட்டரியை இணைத்துவிடாதீர்கள். பானெட்டின் பெயின்ட்டை அவசரப்பட்டுச் சுரண்டாதீர்கள் என்று குறிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன். அடுக்குகளுக்கு அடியில் ராணுவப் பதிவெண் மிஞ்சியிருக்கக்கூடும், அழிந்தால் அது திரும்பாது.