பப்பைரஸைப் பார்த்தால் ஏன் சிரிக்கிறார்கள்?

கேள்வி: வீட்டிலேயே மூலிகைச் சோப்பு செய்து விற்கிறேன். லேபிளில் ஆங்கிலப் பெயரை 'பப்பைரஸ்' ஃபான்ட்டில் போட்டிருக்கிறேன். பழைய சுவடி எழுத்து மாதிரி அம்சமாக இருக்கிறது. டிசைன் செய்கிற தம்பியோ பார்த்ததும் சிரித்துவிட்டார். அதில் என்ன தப்பு?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: எழுத்தில் ஒரு தப்பும் இல்லை அம்மா. யோகா வகுப்பு, மசாஜ் நிலையம், மூலிகைத் தேநீர் என்று அது புகாத இடமே இல்லை, அதுதான் சிக்கல். மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் கம்ப்யூட்டர்களில் சும்மா கிடைத்தது, ஆளாளுக்கு எடுத்துப் போட்டார்கள். 2009-இல் வந்த 'அவதார்' படத்தின் சப்டைட்டிலும் இதிலேயே வந்தது. 2017-இல் ஓர் அமெரிக்க டிவி நிகழ்ச்சி அதையே நாடகமாகப் போட்டுக் கிண்டலடித்தது.

பாவம், வரைந்தவர் ஆசையாகத்தான் வரைந்தார். கிறிஸ் காஸ்டெல்லோ என்ற அமெரிக்கர், கல்லூரி முடித்த கையோடு 1982-இல் செய்த வேலை. ஈராயிரம் வருஷத்துக்கு முன், எகிப்தில் நாணலில் செய்த பப்பைரஸ் தாளில் ஆங்கிலம் எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்து, சொரசொரப்பான தாளில் காலிகிராஃபி பேனாவால் ஆறு மாதம் எழுதினார். லெட்ராசெட் கம்பெனி வாங்கி வெளியிட்டது. அந்தக் கம்பெனி விற்ற, தேய்த்து ஒட்டும் எழுத்துத் தாள்களை என் வயது அச்சகக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தாள் பழசானால் எழுத்து தானாகவே விரிசல் விடும். பழமைக்குத் தனி ஃபான்ட் தேவைப்படாத காலம்!

எனக்கு பப்பைரஸின் ஆங்கிலப் பெரிய எழுத்து 'E' பிடிக்கும். நடுக்கோடு நடுவில் நிற்காமல் மேலே ஏறி நிற்கும், அதில் ஒரு மிடுக்கு.

சரி, உங்கள் லேபிளுக்கு வருவோம். பெயரில் ஒரே எழுத்து இரண்டு தரம் வந்தால், பெரிதாக்கிப் பாருங்கள். முதல் 'A'யின் ஓரம் எங்கே அரித்திருக்கிறதோ, அடுத்ததிலும் அச்சு அசலாக அங்கேயே அரித்திருக்கும். கையால் எழுதினால் அப்படி வராது. கோரல் டிரா என்ற டிசைன் மென்பொருளில் எழுத்தைக் கர்வ்ஸாக (இழுத்து வளைக்கக்கூடிய கோடுகளாக) மாற்றி, இரண்டாவதன் ஓரத்தைக் கொஞ்சம் இழுத்துவிடச் சொல்லுங்கள். தம்பிக்கு ஐந்து நிமிஷ வேலை.

சேர்மானப் பட்டியலை மட்டும் இதில் போட வேண்டாம். ஆறு பாயின்ட் அளவுப் பொடி எழுத்தில் அந்தச் சொரசொரப்பெல்லாம் மையில் அடைத்துக்கொண்டு வெறும் அழுக்காகத் தெரியும்.

அப்புறம், பப்பைரஸில் தமிழ் எழுத்தே கிடையாது. தமிழில் தட்டினால் கம்ப்யூட்டர் வேறு ஏதோ ஃபான்ட்டைத்தான் காட்டும். வழவழப்பான அந்த எழுத்து பப்பைரஸ் பக்கத்தில் பொருந்தாது. உங்கள் ஊரில் போர்டு எழுதுகிறவர் யாராவது இருப்பார். முனை வெட்டிய பேனாவும் கையால் செய்த தாளும் கொடுத்து, தமிழ்ப் பெயரை அவரையே எழுதச் சொல்லுங்கள். ஒரு தரம் போதாது, பத்துப் பதினைந்து தரம் எழுதட்டும். பிடித்ததை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து கொடுத்தால், மற்றதைத் தம்பி பார்த்துக்கொள்வார்.