12 டாலர் ஒயினா, 40 டாலர் ஒயினா: மெல்பர்னில் இருந்து எதை வாங்கிவரச் சொல்வது?

கேள்வி: மெல்பர்னில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் ஏப்ரலில் கிருஷ்ணகிரிக்கு வருகிறான். ஆஸ்திரேலிய ஒயின் வாங்கி வருகிறேன், என்ன விலையில் வேண்டும் என்று கேட்கிறான். அங்கே 12 டாலருக்கும் இருக்கிறதாம், 40 டாலருக்கும் இருக்கிறதாம். விலைக்கேற்ற ருசி உண்மையிலேயே இருக்குமா? போன வருடம் இங்கே வாங்கிய ஆஸ்திரேலியச் சிவப்பு ஒயின் ஒன்று வெல்லப்பாகு மாதிரி இருந்தது. அதிலிருந்து எனக்குச் சந்தேகம்.

பதில்: முதலில் அந்த வெல்லப்பாகு பாட்டிலைப் பார்ப்போம். அது மட்டமான ஒயினாக இருந்திருக்க வேண்டியதில்லை. வெயிலில் வெந்த ஒயினாக இருந்திருக்கலாம். நம் ஊரில் ஏப்ரல், மே மாதங்களில் பகல் வெப்பம் 38 டிகிரியைத் தொடுகிறது. ஏசி இல்லாத அலமாரியில் வாரக்கணக்கில் நின்ற ஒயினில் பழவாசம் செத்து, வேகவைத்த பழமும் கருகிய சர்க்கரையும் கலந்த வாசம் ஏறிவிடும். தக்கை லேசாக வெளியே தள்ளியிருந்தாலோ, பாட்டில் கழுத்தில் பிசுபிசுப்பு இருந்தாலோ வாங்காதீர்கள். அந்த ஒரு பாட்டிலை வைத்து ஒரு நாட்டையே எடைபோட வேண்டாம்.

இனி விலை. நான் பல வருடம் மாங்கூழ் ஆலையில் தரம் பார்த்தவன். ஒயின் சுவைப்பதை அதற்குப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். மாங்கூழில் உள்ள கணக்கு ஒயினுக்கும் அப்படியே பொருந்துகிறது. பத்து மண்டிகளில் இருந்து வந்து கொட்டிய பெங்களூராவைக் கலந்து அரைத்தால் குறை சொல்ல முடியாத கூழ் வரும், ஆனால் அதற்கென்று ஒரு முகம் இருக்காது. ஒரே தோப்பில் சரியான நாளில் பறித்த பழம் என்றால் மூடியைத் திறந்ததுமே தெரிந்துவிடும்.

ஆஸ்திரேலிய பாட்டிலில் இதைக் கண்டுபிடிக்க லேபிளே போதும். ‘சவுத் ஈஸ்டர்ன் ஆஸ்திரேலியா’ என்று மட்டும் போட்டிருந்தால், நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, டாஸ்மேனியா முழுவதும், குவீன்ஸ்லாந்திலும் தெற்கு ஆஸ்திரேலியாவிலும் ஒரு பகுதி என அந்தப் பெரும் பரப்பில் எங்கிருந்து வேண்டுமானாலும் திராட்சை வந்திருக்கலாம். பரோசா, கூனவாரா, கிளேர் பள்ளத்தாக்கு, மார்கரெட் ரிவர் என்று குறிப்பிட்ட வட்டாரம் இருந்தால், குறைந்தது 85 சதவீதத் திராட்சை அங்கே விளைந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். திராட்சை வகைக்கும் அறுவடை ஆண்டுக்கும் அதே 85 சதவீதம்தான். கனமான பாட்டில், தங்க எழுத்து இதையெல்லாம் பார்க்காதீர்கள். திருகு மூடி மலிவின் அடையாளம் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். 2000ஆம் ஆண்டு அறுவடையில் இருந்தே கிளேர் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் செய்யும் நல்ல தயாரிப்பாளர்கள் பலர் ஒன்றுசேர்ந்து, தக்கையால் வரும் கெட்ட வாசத்துக்குப் பயந்து திருகு மூடிக்கு மாறியவர்கள்.

சரி, 40 டாலரில் அப்படி என்ன இருக்கிறது? 12 டாலரில் கண்ணாடி, மூடி, லாரி வாடகை, கடை லாபம் எல்லாம் அடக்கம். அதற்கு மேல் அங்கே ஒயினுக்கென்று மொத்த விலையில் 29 சதவீத வரி, பிறகு 10 சதவீதப் பொருள் சேவை வரி. இத்தனையும் போக, திராட்சைக்கென்று மிஞ்சுவது கொஞ்சம்தான். விலை 25 டாலருக்கு ஏறும்போது கண்ணாடிச் செலவு பெரிதாக ஏறுவதில்லை. கூடுகிற பணத்தில் நல்ல பங்கு திராட்சைக்கும், பீப்பாய்க்கும், காத்திருப்புக்கும் போகிறது. அதற்கும் ஒரு எல்லை உண்டு. புதிய பிரெஞ்சு ஓக் பீப்பாய் ஒன்று ஆயிரம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். 225 லிட்டர் பிடிக்கும், 300 பாட்டில் வரும். முழுக்கப் புதுப் பீப்பாயிலேயே வைத்தாலும் பாட்டிலுக்குச் சில டாலர்தான் கூடும். ஒரு கட்டத்துக்கு மேல் நீங்கள் கொடுப்பது பெயருக்கும் அரிதுக்கும் உள்ள விலை. 12க்கும் 25க்கும் இடையே உள்ள தூரத்தை நாக்கு சுலபமாகக் கண்டுபிடிக்கும். 25க்கும் 40க்கும் இடையே பலருக்கும் தெரியாது. அதனால் வட்டாரப் பெயரோடு 20 முதல் 30 டாலருக்குள் வாங்குவதே காசுக்கு ஏற்றது என்பது என் முடிவு.

இங்கே கடையில் வாங்கினாலும் அடிமட்ட விலையை நம்பாதீர்கள். இந்தியாவில் ஒயினுக்கு இறக்குமதி வரி 150 சதவீதம். ஆஸ்திரேலியாவோடு செய்த ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்தபோது, இறக்குமதி விலை 5 அமெரிக்க டாலரைத் தொடும் பாட்டிலுக்கு வரி 100 சதவீதமாகவும், 15 டாலரைத் தொடும் பாட்டிலுக்கு 75 சதவீதமாகவும் குறைந்தது. பத்து ஆண்டுகளில் இவை படிப்படியாக 50, 25 என்று இறங்க வேண்டும். தொடங்கிய நாள் வரியைப் போட்டுப் பாருங்கள்: 4.90 டாலர் பாட்டில் வரியோடு 12.25 ஆகிறது, 5.10 டாலர் பாட்டில் 10.20 ஆகிறது. மட்டமான சரக்குதான் அதிக வரியைச் சுமந்து வருகிறது. மாநில வரிகள் இதற்கு மேல்.

விலைக்கேற்ற ருசியா என்பதை உங்கள் வீட்டிலேயே சோதித்துவிடலாம். அக்கா மகனிடம் ஒரே வகைத் திராட்சையில், முடிந்தால் ஒரே ஆண்டில், விலை மட்டும் வேறான இரண்டு பாட்டில் சொல்லுங்கள். ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினோடு ரீஸ்லிங்கை ஒப்பிட்டால் செந்தூராவோடு மல்கோவாவை ஒப்பிட்ட கதைதான், எது பிடிக்கும் என்று தெரியும், எது மதிப்பு என்று தெரியாது.

இரண்டு பாட்டிலையும் செய்தித்தாளில் சுற்றி எண் போடுங்கள். சுற்றியவர் சுவைக்கக் கூடாது. சிவப்பு ஒயினை அறையின் சூட்டில் குடிக்கலாம் என்பது குளிர் நாட்டுப் பேச்சு. நம் வீட்டுச் சூட்டில் சாராய நெடி மட்டும்தான் மூக்கில் ஏறும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். வெள்ளை ஒயின் என்றால் ஃபிரிட்ஜில் இருந்து எடுத்துப் பத்து நிமிடம் கழித்து. அந்த அறையில் ஊதுபத்தி, மல்லிகைப்பூ, தாளிக்கிற வாசம் எதுவும் வேண்டாம். காபி குடித்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். கடித்துக்கொள்ளப் பொரி போதும். காரம் நாக்கில் இருந்தால் துவர்ப்பும் சாராயமும் இரண்டு மடங்காக எரியும்.

ஆளுக்கு 50 மில்லி ஊற்றுங்கள், ஒரு பாட்டில் 15 பேருக்கு வரும். முதலில் மோந்து பாருங்கள். அப்புறம் ஒரு வாய் எடுத்து நாக்கு முழுவதும் சுழற்றுங்கள். வாயோரம் எச்சில் ஊறுவது புளிப்பால். நாவல்பழம் தின்றது போல ஈறு இழுப்பது துவர்ப்பால். தொண்டையில் சூடு இறங்குவது சாராயத்தால். இவற்றில் ஒன்று தனியாகத் துருத்திக்கொண்டு நின்றால் அது சமநிலை கெட்ட ஒயின். மாங்கூழிலும் இனிப்பு அளவை மட்டும் பார்த்து நாங்கள் தேற்றுவதில்லை, புளிப்போடு சேர்த்துத்தான் பார்ப்போம். விழுங்கிய பின், அல்லது துப்பிய பின், சுவை எத்தனை நொடி நிற்கிறது என்று மனதுக்குள் எண்ணுங்கள். நான்கைந்து நொடியில் காணாமல் போவதற்கும், பதினைந்து நொடி நின்று மெல்ல மாறிக்கொண்டே போவதற்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் கூடுதல் காசு. துப்புவதில் வெட்கம் வேண்டாம், தொழிலாகச் சுவைப்பவர்கள் எல்லோரும் துப்புகிறவர்களே. வண்டி ஓட்டுகிறவர் கண்டிப்பாகத் துப்ப வேண்டும்.

காகிதத்தைப் பிரிப்பதற்கு முன், ‘இதற்கு நான் எவ்வளவு கொடுப்பேன்’ என்று ஒவ்வொருவரும் ஒரு தொகை எழுதட்டும். எழுதிய தொகை உண்மை விலைக்கு மேலே போனால் உங்களுக்கு அது லாபமான ஒயின். யார் எத்தனை மதிப்பெண் கொடுத்திருந்தாலும் இந்தத் தொகைதான் உங்களுக்குக் கணக்கு.

சோதனை வேண்டாம், நல்லதாக இரண்டு போதும் என்றால் நான் சொல்வது இது. ஒன்று கிளேர் அல்லது ஈடன் பள்ளத்தாக்கு ரீஸ்லிங். சர்க்கரை இல்லாமல் எலுமிச்சை மணத்தோடு இருக்கும், மிளகு மீன் வறுவலுக்குப் பொருந்தும். புதுப் பீப்பாய்ச் செலவு இதில் இல்லை என்பதால் கொடுக்கிற காசு திராட்சைக்கே போகிறது. இன்னொன்று பரோசா அல்லது மெக்லாரன் வேல் ஷிராஸ், ஆட்டுக்கறிக்கு. அங்கே அறுவடை பிப்ரவரியில் இருந்து ஏப்ரல் வரை. நம் மா சீசன் தொடங்கும்போது அவர்களுக்கு முடிகிறது. பிரான்சில் அறுவடை செப்டம்பர் வாக்கில்தான். அதனால் ஒரே ஆண்டு போட்ட பிரெஞ்சு ஒயினைவிட இது அரை வருடம் மூத்தது.

வெளிநாட்டிலிருந்து வருகிற ஒருவர் வரியில்லாமல் 2 லிட்டர் கொண்டுவரலாம். இரண்டு பாட்டில் ஒன்றரை லிட்டர், மூன்றாவது சேர்ந்தால் 2250 மில்லி ஆகி வரி விழும். மனைவியும் கூட வந்தால் நான்கு கொண்டுவரலாம். பெங்களூரின் தேவனஹள்ளி விமான நிலையத்திலிருந்து கிருஷ்ணகிரிக்கு வர மூன்று மணி நேரமாவது பிடிக்கும். பெட்டியை டிக்கியில் போட்டாலும் பாட்டிலை மட்டும் எடுத்து, ஏசி படுகிற மாதிரி காலடியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் சமையலறை அலமாரியில் வைக்காமல் நேரே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு. திறந்து மீதியானதை இறுக்கி மூடி அங்கேயே வைத்தால் மூன்று நாள் தாங்கும். அதற்கு மேல் போனால் ஆட்டுக்கறிக் குழம்பில் ஊற்றிவிடுங்கள்.