கொள்ளிடத்து மணலில் கிடைத்த மரக்கட்டையைச் செடி வைத்த மீன் தொட்டியில் போடலாமா? கொதிக்க வைத்தால் போதுமா?

போடலாம். என் 2 அடித் தொட்டியில் இப்போது இருப்பதும் கொள்ளிடம் கொடுத்த கட்டைதான். ஆனால் கொதிக்க வைத்தால் மட்டும் போதாது. அது என்ன கட்டை, எங்கே கிடந்தது என்பதை முதலில் பாருங்கள். அடுப்பு அதற்கு அப்புறம்தான்.

எனக்குத் திருவையாறு பக்கம். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடுவார்கள். அதன் பிறகு ஆறு வற்றத் தொடங்கும். மாசி, பங்குனியில் திருமானூர்ப் பாலத்துக்குக் கீழே இறங்கினால் நாணல் புதரில் சிக்கிய கட்டைகள் நிறையக் கிடக்கும். முக்கொம்பில் பிரியும்போது வெள்ளத்தின் பெரும்பங்கு கொள்ளிடத்துக்குத்தான் போகிறது. அதனால் நல்ல வேர்க்கட்டைகளுக்குக் காவிரியைவிடக் கொள்ளிடமே தேவலாம்.

நான் முதலில் கொண்டுவந்த கட்டை பார்க்க மான்கொம்பு போல இருந்தது. அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். "எங்கேருந்துடா எடுத்துட்டு வந்தே? கட்டையா, கொள்ளிக்கட்டையா?" ஆற்றங்கரையில் ஊருக்கு ஒரு சுடுகாடு இருக்கிற நாட்டில் அது நியாயமான கேள்வி. அம்மாவைச் சமாதானப்படுத்துகிற அவசரத்தில், பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்து ஒரு ராத்திரி ஊறவைத்ததோடு சரி, மறுநாள் தொட்டியில் வைத்துவிட்டேன். ஐந்தாம் நாள் கப்பி மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. கட்டையை வெளியே எடுத்தபோது அழுகிய முட்டை நாற்றம். ஒரு கிளை முறிந்து கையோடு வந்தது. உள்ளே கருப்பாக, நனைந்த ரொட்டி மாதிரி. வெளியே இரும்பாக இருந்த கட்டை நடுவில் மக்கிப்போயிருந்தது. 7 கப்பிகள் போய்விட்டன.

அதிலிருந்து என் முதல் கருவி ஸ்க்ரூ டிரைவர்தான். கட்டை முழுக்க, குறிப்பாகக் கிளை பிரியும் இடத்திலும் வெட்டுவாயிலும் அழுத்திக் குத்திப் பார்ப்பேன். இறங்காவிட்டால் வீட்டுக்கு வரும். இறங்கினால், கெட்டியான இடம் வரும்வரை சுரண்டுவேன். சுரண்டச் சுரண்டப் போய்க்கொண்டே இருந்தால் அது அடுப்புக்கு. ஆற்றில் ஒதுங்குவதில் பாதி தென்னையும் மூங்கிலும்தான். அவை சீக்கிரம் நார்நாராகப் பிரிந்துவிடும். முருங்கையும் ஒதியும் அப்படியே. ஒதி பெருத்தாலும் உத்தரத்துக்கு ஆகாது என்பார்கள், தொட்டிக்கும் ஆகாது. நன்றாகக் காய்ந்து வைரம் பாய்ந்த புளி, நாவல், நீர்மருது வேர்கள் கிடைத்தால் விடாதீர்கள். பச்சைக்கட்டை எந்த மரமானாலும் வேண்டாம்.

விஷ மரங்கள் தனிக் கதை. அரளி, எட்டி இரண்டையும் தொடவே வேண்டாம். புங்கமும் வேண்டாம், மீனை மயக்கிப் பிடிக்க அதன் வேரையும் விதையையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். பால் வடிகிற சாதி எதுவும் கூடாது. பிச்சாவரம் பக்கம் இருப்பவர்கள் தில்லை மரத்தை மறக்கக் கூடாது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே சிறிது நேரம் போய்விடும். எப்படியும் அது வனத்துறைக் காடு, அங்கே கட்டை பொறுக்கப் போகாதீர்கள். என்ன மரம் என்று அடையாளம் தெரியாவிட்டால் ஊரில் ஒரு தச்சரிடம் காட்டுங்கள். முனையைச் சீவி முகர்ந்தே பெரும்பாலும் சொல்லிவிடுவார்.

கொதிக்க வைத்தும் போகாத ஒன்று இருக்கிறது, மருந்து. வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்து மழையில் வழிந்து வடிகாலுக்குத்தான் வரும். வடிகாலில் ஊறிய கட்டை அதையும் குடித்திருக்கலாம், மோந்து பார்த்தால் தெரியாது. மீனுக்கும் இறாலுக்கும் அதில் துளி போதும். அதனால் வடிகால், சாக்கடை சேரும் இடம், இறால் பண்ணைக் கழிவு வாய்க்கால் மூன்றிலும் எடுப்பதில்லை. ஆணி, பெயின்ட் உள்ள பலகைத் துண்டும் வேண்டாம்.

இனி வேலைக்கு வருவோம். பட்டை முழுவதையும் உரித்துவிடுங்கள், முதலில் அழுகுவது அதுதான். தேங்காய் நாரோ கெட்டி பிரஷ்ஷோ போட்டுத் தேய்க்கலாம். சோப்பு, பாத்திரம் தேய்க்கும் பவுடர், பிளீச்சிங் எதுவும் கூடாது. மரம் உறிஞ்சிக்கொண்டு மெல்ல மெல்லத் தொட்டியில் விடும்.

அப்புறம் கொதிக்க வைப்பது. எங்கள் வீட்டுப் பரணில் நெல் அவித்த பழைய செம்பு அண்டா ஒன்று இருக்கிறது. அளவு கச்சிதம், ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் செம்பு தண்ணீரில் இறங்கினால் இறாலுக்கும் நத்தைக்கும் ஆகாது. அலுமினியம் அல்லது எவர்சில்வர் பாத்திரம் போதும், அதையும் திரும்பச் சமையலுக்கு எடுக்காதீர்கள். ஒன்றிரண்டு மணி நேரம் கொதித்தால் பூச்சி, முட்டை, பூஞ்சை செத்துவிடும். நாள் முழுக்கக் கொதிக்கவிட்டால் நார் தளர்ந்து கட்டை சீக்கிரம் மக்கும். பாத்திரத்தில் அடங்காத பெரிய கட்டை என்றால் டிரம்மில் வைத்துக் கொதிநீரை மூன்று நான்கு தடவை மாற்றி மாற்றி ஊற்றுங்கள். மைக்ரோவேவில் வைக்கிற வேலை வேண்டாம், தீப்பிடிக்கும்.

பிறகு ஊறல். இரண்டு வாரத்திலிருந்து ஒரு மாதம்வரை, இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். முதல் வாரம் தண்ணீர் கட்டன் சாயா நிறத்தில் இருக்கும். எல்லோரும் பயப்படுவது இந்த நிறத்துக்குத்தான், பயப்பட வேண்டியதில்லை. அது டானின், மரத்திலிருந்து இறங்கும் துவர்ப்புச் சத்து. நாட்டு வாதாம் இலையைத் தொட்டியில் போடுகிறார்களே, அதுவும் இதற்காகத்தான். உப்பு குறைந்த மென்மையான தண்ணீரில் பிஎச் (அமில-கார அளவு) கொஞ்சம் இறங்கும். பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடுகிற எங்கள் போர் தண்ணீரில் அதுவும் பெரிதாக இறங்குவதில்லை. செடித் தொட்டியில் நிறம் மிக அடர்ந்தால் வெளிச்சம் அடிவரை போகாது. அப்போது வாராவாரம் கால்பங்கு தண்ணீர் மாற்றுங்கள், அவசரமென்றால் ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள்.

கடைசி வாரம் ஊறல் வாளியில், செடியோடு ஓசியில் வந்த குட்டி நத்தைகள் நாலைந்தை விட்டுப் பார்ப்பேன். அவை சுறுசுறுப்பாக மேய்ந்தால் கட்டை தேறியது. ஓட்டுக்குள் சுருங்கிக்கொண்டு கிடந்தால் கட்டை திரும்ப ஆற்றுக்கே.

ஒரு மாதம் ஊறியும் மிதந்தால் அடியில் கல்லைக் கட்ட வேண்டியதுதான். எல்லோரும் கடப்பா கல் துண்டைத் தேடுவார்கள். அது சுண்ணாம்புக்கல் வகை, மெல்லக் கரைந்து கடினத்தன்மையைக் கூட்டும். நம் போர் தண்ணீரில் இருப்பதே போதும். கிரானைட் கடையில் வெட்டிப்போட்ட துண்டு சும்மாவே தருவார்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ போட்டு இறுக்கி, மேலே மணலை மூடிவிட்டால் தெரியாது.

தொட்டியில் வைத்த சில நாளில் கட்டைமேல் வெள்ளையாக, மூக்குச்சளி மாதிரி ஒன்று படரும். அதைக் கண்டு கட்டையைப் பிடுங்கி எறிந்தவர்களைத் தெரியும். மீனுக்கு ஒன்றும் செய்யாது. இரண்டு மூன்று வாரத்தில் தானே போய்விடும், இறால் இருந்தால் அதற்கு விருந்து. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் செடிகள் இரண்டையும் பருத்தித் தையல் நூலால் கட்டையில் கட்டுங்கள், கிடைத்தண்டை மணலில் புதைக்காதீர்கள். நூல் இற்றுப்போவதற்குள் வேர் பிடித்துக்கொள்ளும். என் தொட்டியில் அனுபியாஸ் பிடிக்க இரண்டு மாதம் ஆனது.

அம்மா இப்போதும் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் விளக்கு வைக்க விடுவதில்லை.