'கோ'வுக்கு 'வென்ட்' எங்கிருந்து வந்தது?

கேள்வி: சேர், தரம் 6 படிக்கும் என் மகன் ஆங்கிலத்தில் 'கோ'வோடு 'ஈ', 'டி' சேர்த்து இறந்தகாலம் எழுதிவிட்டான். ரியூசனில் ஏச்சு. 'வென்ட்' ஏன் என்று கேட்டால், காரணமில்லை, பாடமாக்கு என்கிறார்களாம். உண்மையிலேயே காரணம் இல்லையா?
– ஒரு தாய், பொகவந்தலாவை

பதில்: காரணம் இருக்கிறது தங்கச்சி. அவை இரண்டும் வேறு வேறு வினைச்சொற்கள்.

5ஆம் நூற்றாண்டில் வட ஜெர்மனி, டென்மார்க் பக்கமிருந்து பிரித்தானியாவுக்குப் போன கூட்டத்தாரின் பேச்சிலிருந்து வளர்ந்ததுதான் ஆங்கிலம். அவர்களிடம் போவதற்கு 'கான்' என்றொரு சொல் இருந்தது. அதுதான் இன்றைய 'கோ'. ஜெர்மன்காரரின் 'கேயன்', ஒல்லாந்தரின் 'ஹான்' எல்லாம் அதன் உறவுதான். பழைய ஆங்கிலத்தில் இந்தக் 'கான்' தன் இறந்தகாலத்துக்கு அன்றைக்கே 'எயொடெ' என்று வேறொரு சொல்லைத்தான் வைத்திருந்தது.

இன்னொரு பக்கம், 'டி'யில் முடியும் 'வெண்ட்' என்ற வினை. முதலில் திரும்புதல், திருப்புதல் என்று பொருள். வளைந்து நெளிவதைச் சொல்லும் 'வைண்ட்' அதற்குச் சொந்தம். ஹட்டன் ரோட்டில் பஸ் ஏறியவர்களுக்குத் திரும்புவதும் போவதும் ஒன்றேதான். அந்தச் சொல்லும் மெல்லப் போவதையே குறிக்கத் தொடங்கியது. அதன் இறந்தகாலம் 'வென்ட்'. அனுப்புவதற்கான 'செண்ட்', வளைப்பதற்கான 'பெண்ட்' இரண்டும் கடைசி 'டி'யை 'ரீ' ஆக்குகின்றன அல்லவா, அதே கணக்கு. 15ஆம் நூற்றாண்டு வாக்கில் 'எயொடெ' வழிவந்த வடிவத்தைத் தள்ளிவிட்டு 'வென்ட்' அந்த இடத்தில் குந்திக்கொண்டது. சொந்த இறந்தகாலத்தைப் பறிகொடுத்த 'வெண்ட்', பிறகு 'வெண்டட்' என்று புதிதாக ஒன்று செய்துகொண்டது, பாவம்.

இது ஆங்கிலத்தின் கிறுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். சிங்களத்தில் போவது 'யனவா', போனது 'கியா'. அங்கேயும் வேர் இரண்டு. நம் பிள்ளைகள் கடைத்தெருவில் அதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே சரியாகப் பேசுகிறார்கள்.

அப்புறம், உங்கள் மகன் செய்ததையே ஸ்கொட்லாந்துக்காரர்களும் செய்தார்கள். அவர்கள் பேச்சில் போவது 'கே', போனது 'கேட்'. நம் மலைக்கு 'டன்சினன்' போன்ற தோட்டப் பெயர்கள் வந்ததும் அந்த நாட்டிலிருந்துதான். ஆனாலும் பரீட்சையில் 'வென்ட்' என்றே எழுதச் சொல்லுங்கள். விடைத்தாள் திருத்துபவர் ஸ்கொட்லாந்துக்காரராக இருக்கமாட்டார்.