மாடு கொடுத்தால் போதுமா?

வறுமை ஒழிப்புத் திட்டங்கள் கிராமத்து ஏழைகளுக்கு நிலைத்த வாழ்வாதாரத்தைத் தருகின்றனவா என்று கேட்டிருக்கிறீர்கள். தருகின்றன. ஆனால் கொடுத்த பொருளைக் காப்பாற்றிக்கொள்ளும் தெம்பையும் சேர்த்துக் கொடுக்கும் திட்டங்களைப் பற்றித்தான் என்னால் அப்படிச் சொல்ல முடியும்.

நிலமில்லாத குடும்பத்துக்குச் சினை மாடு ஒன்று கிடைக்கிறது என்று வையுங்கள். கன்று ஈனும்வரை பால் இல்லை. தீவனச் செலவோ முதல் நாளே தொடங்கிவிடும். மாட்டைப் பார்த்துக்கொள்பவர் பல நாள் கூலியை இழக்கிறார். இதற்கு நடுவில் வீட்டில் ஒருவர் நோயில் படுத்துவிட்டால், அவசரத்துக்கு விற்க அந்த மாட்டைத் தவிர வேறு என்ன இருக்கிறது? தொழுவம் காலியான பிறகும் பதிவேட்டில் 'வழங்கப்பட்டது' என்றே இருக்கும். இதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

வங்கதேசத்தின் பிராக் என்ற தொண்டு அமைப்பு 2002-இல் தொடங்கிய திட்டம் இந்த ஓட்டையைத்தான் அடைத்தது. கால்நடையோடு, கொஞ்ச காலத்துக்குச் சாப்பாட்டுச் செலவுக்கான தொகை, பயிற்சி, சேமிப்பு, மருத்துவ உதவி, அடிக்கடி வீடு தேடி வந்து விசாரிக்கும் ஊழியர் என்று எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 2 ஆண்டுகள் துணை நின்றன. எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய 6 நாடுகளில் இதே முறையைச் சோதித்த ஆய்வு 2015-இல் வெளியானது. உதவி நின்று ஓராண்டு கழித்தும், மொத்தத்தில் அந்தக் குடும்பங்கள் உதவி பெறாதவர்களைவிட நல்ல நிலையில் இருந்தன. வெறும் சிறுகடன் கொடுத்த திட்டங்களை அதே ஆண்டில் ஆராய்ந்தவர்கள், அவை வாழ்க்கையைப் பெரிதாக மாற்றியதாகக் காணவில்லை.

மேற்கு வங்கத்தில், பிராக் முறையில் உதவி பெற்ற குடும்பங்களை 10 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் முன்னேற்றம் நீடித்தது. அதில் ஒரு பங்கு, வெளியூர் சென்று கூடுதல் கூலி தரும் வேலைகளைப் பிடித்ததால் வந்தது. ஊரைவிட்டுப் போவதையே திட்டத்தின் தோல்வியாகக் கணக்கிடுபவர்கள் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. போவதா இருப்பதா என்று தானே முடிவெடுக்க ஓர் ஏழைக்கு முடிகிறதே, அதுவும் வாழ்வாதாரம்தான்.

ஹோண்டுராஸில் வேறு கதை. அங்கே பெரும்பாலோர் தேர்ந்தெடுத்தது கோழி. அவற்றில் பல நோய் வந்து மடிந்தன. சொத்தில் நீடித்த முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. எந்தத் திட்டத்தைப் பற்றிப் படித்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: கோழிக்குத் தடுப்பூசி போடுவது யார், நோய் வந்தால் மருத்துவர் எத்தனை நாளில் வருவார், செத்துப்போனால் வேறு கோழி வாங்கப் பணம் யார் கொடுப்பார்.